இடமா, வலமா, உச்சியா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எந்தப் பக்கமாகப் போவது? எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு கட்சி. பசிபிக்கைத் தாண்டித்தான் என்பேன் நான். ஐரோப்பா வழிதான் என்பாள் மனைவி. மகனுடைய பள்ளிக்கால உலக உருண்டையைத் தூசி தட்டி, நூலைப் பிடித்துப் பார்த்தோம். அது இரண்டு பக்கமும் போகவில்லை. நேரே வடக்கே ஏறி, வட துருவத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. சாங்கிக்கும் கென்னடி விமான நிலையத்துக்கும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய 178 பாகை வித்தியாசம். ஒன்று பூமியின் முகத்தில், மற்றது முதுகில். குறுக்கு வழி உச்சந்தலைதான். நூலின் நீளம் 15,349 கிலோமீட்டர்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான என் மைத்துனர் விடுவாரா? "மணிக்கு 900 கிலோமீட்டர்னா பதினேழு மணி நேரம். டிக்கெட்ல இவன் ஏன் பதினெட்டே முக்கால்னு போட்டிருக்கான்? மிச்ச நேரம் எங்கே சுத்துறான்?"

விமானம் இந்த ஊரில் நகர ஆரம்பித்ததிலிருந்து அந்த ஊரில் நிற்கிறவரை எல்லாமே கணக்கில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும்கூட. தவிர, விமானிகள் நூலைவிடக் காற்றைத்தான் பார்க்கிறார்கள். மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளினால், சுற்றிப் போனாலும் லாபம். ஆகவே போகும்போது பெரும்பாலும் பசிபிக். நான் ஜெயித்தேன். திரும்பும்போது அட்லாண்டிக் பக்கமாக வருவதும் உண்டு. அதை மனைவியிடம் நானாகச் சொல்லவில்லை.

இவ்வளவு தூரம் நிற்காமல் பறக்க சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 முதல் ஓட்டும் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆரின் எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர். இருக்கைகளோ 161தான்; எகானமி வகுப்பே கிடையாது. (டிக்கெட் மகன் எடுத்தது. அதனால்தான் இதைச் சிரித்த முகத்தோடு சொல்கிறேன்.) தலைக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல்! அதிலும் ஒரு நல்ல பங்கு, மிச்ச எரிபொருளைச் சுமப்பதற்கே எரிந்துபோகிறது. அப்பேர்ப்பட்ட விமானத்துக்காக, பெட்டி 23 கிலோவைத் தாண்டி அரைக்கிலோ போகிறதென்று எங்கள் வீட்டில் நள்ளிரவுப் பஞ்சாயத்து. கடைசியில் வெளியே வந்தது என் செருப்பு. மாவடு டப்பா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

விமானத்தில் சாப்பிட்டு, ஒரு படம் பார்த்து, தூங்கி எழுந்து, எதிர்த் திரையில் வரைபடத்தைப் பார்த்தேன். அந்தக் குட்டி விமானம் ஜப்பானையே இன்னும் தாண்டவில்லை. முழங்காலுக்கு மட்டும் அலாஸ்கா வந்துவிட்டிருந்தது.

ஆனால் கடிகாரம் வேறு கதை சொல்லும். கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள்ளைத் தொடவே வேண்டாம். இறங்கியதும் மதுரையில் இருக்கும் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"எப்பப்பா ஏறின?"

"நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு, சித்தப்பா."

"இப்ப அங்க மணி என்ன?"

"காலைல ஆறேகால்."

"அட! நம்ம மெட்ராஸ் பஸ்ஸே எட்டு மணி நேரம் எடுத்துக்கிறான்!"