ஜப்திக்கு வந்த பட்டாளம்

மெக்சிகோவின் 'சின்கோ டே மாயோ' அவர்களுடைய சுதந்திர தினம்தானே?

அது செப்டம்பர் 16. மே 5, கடன் வசூலிக்க வந்தவர்களை உதைத்து அனுப்பிய நாள்! 1861-இல் கஜானா காலி. 'இரண்டு வருஷத்துக்குத் தவணை கிடையாது' என்றார் அதிபர் பெனிட்டோ ஹுவாரெஸ். பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் மூன்றும் கப்பலேறி வந்தன. முதல் இரண்டும் பேசிவிட்டுத் திரும்பின. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனுக்கோ வட்டியாக நாடே வேண்டியிருந்தது. 1862 மே 5-இல் பியூப்லா நகரில் மெக்சிகோவின் ஜெனரல் சரகோசா அவர் படையை விரட்டினார்.

அத்தோடு பிரெஞ்சுக்காரர்கள் அடங்கிவிட்டார்களா?

அடுத்த வருஷமே தலைநகரைப் பிடித்தார்கள். ஆஸ்திரியாவிலிருந்து மாக்சிமிலியனை இறக்குமதி செய்து சக்கரவர்த்தி ஆக்கினார்கள். 1867-இல் அவரைச் சுட்டுக் கொன்று மெக்சிகோ கணக்கை முடித்தது.

மெக்சிகோவைவிட அமெரிக்காவில்தான் கொண்டாட்டம் அதிகமாமே?

பியூப்லாவில் ராணுவ அணிவகுப்பு. அமெரிக்காவில் பீர் பாட்டில் அணிவகுப்பு!

ஆனால் கலிஃபோர்னியாவில் இதைத் தொடங்கிவைத்த மெக்சிகோ வம்சாவளியினர் போதைக்காகத் தொடங்கவில்லை. 1862-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்; மூன்றாம் நெப்போலியனின் அனுதாபமோ அடிமை முறையைக் காத்த தென் மாநிலங்கள் பக்கம். அடிமை முறையை எதிர்த்த அவர்களுக்கு, பியூப்லா வெற்றி தங்கள் கட்சியின் வெற்றியாகவே பட்டது.