நாதாமில் நான் பார்க்காதவை

பயணக் கட்டுரையைப் பயணத்துக்கு முன்பே எழுதி முடித்துவிடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. உலான்பாத்தரில் விமானம் இறங்கியபோது மங்கோலியர்களின் நாதாம் திருவிழாவைப் பற்றி என் நோட்டில் பல பக்கங்கள் தயாராக இருந்தன. செங்கிஸ் கானில் ஆரம்பித்து யுனெஸ்கோவில் முடியும் கட்டுரை. நடுநடுவே குளம்பொலி, எல்லையில்லாப் புல்வெளி, நீலவானம் எல்லாம் தாராளமாக உண்டு. நேரில் போய் இரண்டு மூன்று மல்லர்களின் பெயரையும், ஜெயித்த குதிரையின் நிறத்தையும் காலி இடத்தில் நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது.

அங்கே என் அக்கா மகன் இருக்கிறான். இந்தியக் கடனுதவியோடு தோர்னோகோவி மாகாணத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. “ஜூலைல வாங்க மாமா, நாதாமுக்கு நாடே லீவு” என்று கூப்பிட்டான். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே அவனுக்கு நாதாமைப் பற்றி வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஜூலை 11 என்பது 1921 புரட்சியின் நினைவுநாள். ஆனால் மல்யுத்தமும் குதிரைப் பந்தயமும் வில்வித்தையும் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. மூன்றுக்கும் சேர்த்து ‘ஆடவரின் மூன்று ஆட்டம்’ என்று பெயர், ஆனாலும் வில்லைப் பெண்களும் எடுக்கிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2010இல். அங்கேயே குடியிருக்கிற பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தான். கடைசியில், “தொப்பி எடுத்துட்டு வந்தீங்களா மாமா?” என்றான். எடுத்து வரவில்லை. அந்த ஊர் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த உயரத்து ஜூலை வெயில் வழுக்கை மண்டையை என்ன செய்யும் என்பது என் நோட்டில் இல்லை.

தொடக்க விழாவை ஒழுங்காகவே பார்த்தேன். அரசு மாளிகையிலிருந்து ஒன்பது வெள்ளைக் கொடிகளைக் குதிரை வீரர்கள் மைதானத்துக்குக் கொண்டுவருவார்கள். கொடி என்றால் துணி அல்ல. கம்பத்தின் உச்சியில் வட்டமாகத் தொங்கும் குதிரைமயிர். அணிவகுப்பு, பாட்டு, நடனம், எல்லாம் மைக்கில் அறிவித்துவிட்டு நடந்தன. அறிவித்துவிட்டு நடப்பதைப் பார்க்க என்னைப் போல ஆள் கிடையாது.

மல்யுத்தத்தில்தான் சங்கடம் தொடங்கியது. மொத்தம் 512 பேர். தோற்றவன் வெளியே, ஜெயித்தவன் அடுத்த சுற்றுக்கு. ஒன்பது சுற்றில் ஒருவன் மிஞ்சுவான். எடைப் பிரிவு கிடையாது. ஒல்லியானவனுக்கு எதிரே ஒரு மலை வந்து நின்றால் நின்றதுதான். மெத்தை இல்லை, எல்லைக்கோடு இல்லை, வெறும் புல்தரை. உள்ளங்கையும் பாதமும் தரையில் படலாம். முழங்காலோ முழங்கையோ முதுகோ பட்டால் போச்சு. இத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆனால் பத்திருபது ஜோடிகள் ஒரே நேரத்தில் மைதானம் முழுக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்போது எந்த ஜோடியைப் பார்ப்பது என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்தேன். ஒருவர் சிவப்பு, ஒருவர் நீலம். முதுகையும் கைகளையும் மட்டும் மூடி மார்பைத் திறந்துவிடும் சின்னச் சட்டை, கீழே குட்டை ஜட்டி, காலில் முனை வளைந்த கனத்த பூட்ஸ். மார்பு திறந்திருப்பதற்கு ஒரு கதை சொல்கிறார்கள்: முன்னொரு காலத்தில் ஆண் வேடத்தில் வந்த ஒரு பெண் எல்லாரையும் வீழ்த்திவிட்டாளாம், அன்றிலிருந்து சட்டையைத் திறந்து தைக்கிறார்களாம். தோற்றவர்கள் சட்டம் போடும் அழகு எல்லா ஊரிலும் ஒன்றுதான். என்னுடைய சிவப்பும் நீலமும் தோளோடு தோள் சாய்ந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிக்கொண்டு நின்றார்கள். பின்கழுத்தில் வியர்வை இறங்கியது. பூட்ஸ் முனை புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. போனில் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. இடதுபக்கம் ஓவென்று இரைச்சல், திரும்பினேன், அங்கே ஒருவர் விழுந்து எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். வலதுபக்கம் இரைச்சல், அங்கேயும் அதே கதை. அதற்குள் போனில் இடம் தீர்ந்துவிட்டது. பழைய வாட்ஸ்அப் காலை வணக்கங்களை அழித்துவிட்டு நிமிர்ந்தபோது என் நீலச் சட்டைக்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் கழுகு போல ஆடிக்கொண்டிருந்தார். என்னிடம் இருக்கும் மல்யுத்தப் படங்கள் அத்தனையிலும் யாராவது ஒருவர் கழுகாட்டம்தான் ஆடுகிறார். அவர் யாரை எப்படித் தள்ளினார் என்பதற்குச் சாட்சியம் இல்லை.

இன்னொரு ஆட்டத்தில் நீள அங்கி போட்ட ஒருவர் நடுவில் புகுந்து ஒரு மல்லரின் புட்டத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். “என்னடா இது, நடுவரே அடிக்கிறாரு!” என்று எழுந்துவிட்டேன். “உட்காருங்க மாமா. அவரு நடுவர் இல்ல, அந்த மல்லரோட ஆளு. பேரு ஸசூல். தொப்பிய வெச்சுக்கிட்டு நிக்கிறாரு பாருங்க. சுறுசுறுப்பா ஆடுடான்னு தட்டுறாரு.” அடுத்து ஒருவர் எதிராளியின் அக்குளுக்குக் கீழே குனிந்து நுழைவதைப் பார்த்து, ஆகா புதுப் பிடி என்று கை தட்டினேன். அந்த வரிசையிலேயே நான் ஒருவன்தான் தட்டினேன். அது பிடி இல்லை. ஆட்டம் முடிந்து, தோற்றவர் ஜெயித்தவரின் கைக்குக் கீழே புகுந்து போகும் மரியாதை.

என் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். தேல் என்னும் நீள அங்கி, மார்பில் வரிசையாகப் பதக்கங்கள். மடியில் பைன் கொட்டையை வைத்து உடைத்துத் தின்றுகொண்டே, கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல் இருந்தார். இவரிடமாவது என் படிப்பைக் காட்டுவோம் என்று அக்கா மகனை மொழிபெயர்க்கச் சொன்னேன். ஜப்பானில் 45 முறை சுமோ கோப்பை வென்ற ஹகுஹோ இருக்கிறாரே, அவருடைய அப்பா முன்க்பாத் இதே நாதாமில் ஆறு முறை ஜெயித்தவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இந்த நாட்டுக்கு முதல் வெள்ளி வாங்கிக் கொடுத்தவர் என்று. மங்கோலியக் கிழவரிடம் முன்க்பாத்தைப் பற்றிச் சொல்வது எவ்வளவு அவசியம் என்று அப்போது தோன்றவில்லை. அவர் மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார். நானும் அவர் பக்கம் திரும்பியிருந்தேன். அந்த நொடியில் மைதானமே அதிர்ந்தது. அன்றைய பெரிய வீழ்ச்சி அதுதானாம். பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பைன் கொட்டையை என் கையில் கொஞ்சம் கொட்டினார், வாய்க்கு வேலை கொடுத்தால் பேசமாட்டேன் என்று நினைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகும் நான் அடங்கவில்லை. பட்டம் பெற்ற மல்லர்கள் தங்கள் எதிராளியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது விதி. ஐந்து சுற்று ஜெயித்தால் வல்லூறு, ஏழு ஜெயித்தால் யானை, ஒன்பதும் ஜெயித்தால் சிங்கம். இன்னொரு வருஷமும் முதலிடம் வந்தால் அவர்கா, மகாமல்லன். யானையே இல்லாத நாட்டில் எத்தனை யானைகள்! பட்டம் ஆயுளுக்கும் கூடவே வரும். ஆக, பெரியவன் தனக்குத் தோதான சின்னவனைப் பிடித்துக் கீழே போடலாம். இது அநியாயம் இல்லையா என்று கேட்கச் சொன்னேன். பெரியவர் ஒரு கொட்டையை உடைத்தபடி சொன்ன பதிலை அக்கா மகன் சொன்னான்: “பட்டம் வேணும்னா ஜெயிச்சுட்டு வரட்டும்கிறாரு.” 1988க்கும் 1999க்கும் நடுவில் 11 முறை ஜெயித்த பாத்எர்தேனேயையே 2013இல் ஜனாதிபதித் தேர்தலில் மக்கள் தோற்கடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்த அளவுக்கு முன்னேறியிருந்தேன்.

வில்வித்தையை அதிகம் நீட்ட மாட்டேன். 75 மீட்டருக்கு அப்பால் தரையில் அடுக்கிய சின்னச் சின்னத் தோல் உருளைகளை ஆண்கள் அடிக்கிறார்கள். பெண்களுக்குத் தூரம் கொஞ்சம் குறைவு. இலக்குக்குப் பக்கத்திலேயே நடுவர்கள் கூட்டமாக நின்று, அம்பு பட்டதும் கையை உயர்த்தி ‘ஊஹாய்’ என்று ராகம் இழுக்கிறார்கள். அவர்களுடைய தைரியத்தைப் பார்த்து எனக்கும் தைரியம் வந்து, காசு வாங்கிக்கொண்டு வில் கொடுக்கும் இடத்தில் ஒன்றை வாங்கினேன். கட்டைவிரலால் நாணை இழுக்க வேண்டுமாம். டிவி ராமாயணத்தில் பார்த்தபடி இரண்டு விரலால் இழுத்தேன். அம்பு என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. என் பாட்டி வயதில் ஒரு அம்மாள் அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் வில்லைக் காதுவரை இழுத்து விட்டார். ஊஹாய்.

எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போனது யாரும் பெரிதாகச் சொல்லாத ஷகாய். ஆட்டின் கணுக்கால் எலும்புகளைத் தூரத்தில் அடுக்கி வைத்து, ஒரு வழவழப்பான பலகையின் மேலிருந்து சின்னச் சலவைக்கல் வில்லையை நடுவிரலால் சுண்டி அடிக்கிறார்கள். கேரம் காயைக் காற்றில் பறக்கவிட்டால் எப்படியோ அப்படி. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகள். ஒருவர் குறி வைக்கும்போது மற்றவர்கள் நீளமாக ஒரு ராகத்தை இழுக்கிறார்கள். சாதாரணமாக இந்த மாதிரி நேரத்தில் ஊரே அமைதியாக இருக்கும் என்று நினைப்போம். இங்கே அந்த இரைச்சலில்தான் விரல் நிதானப்படுகிறது. ஓரத்தில் பழகிக்கொண்டிருந்தவர்கள் எனக்கும் ஒரு வில்லையைக் கொடுத்துப் பாடவும் செய்தார்கள். பாட்டு முடிகிறவரை சுண்டாமல் காத்திருந்தேன், மரியாதை என்று நினைத்து. அவர்கள் நான் சுண்டுகிறவரை பாட்டை நிறுத்தக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்திருக்கிறார்கள். ஒரு தாத்தா முகம் சிவந்துவிட்டார். அக்கா மகன் என் விலாவில் இடித்த பிறகே சுண்டினேன். வில்லை அந்தத் தாத்தாவின் மடிக்குப் போனது.

குதிரைப் பந்தயம் ஊருக்குள் நடப்பதில்லை. மேற்கே முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஹூய் தோலோன் ஹுதாக் என்னும் புல்வெளி. “விடிகாலைல கிளம்பணும் மாமா” என்றான். நான் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றேன். உலான்பாத்தரில் இருக்கும் கார்கள் எல்லாம் அதே டீயைக் குடித்துவிட்டு எங்களுக்கு முன்னால் கிளம்பியிருந்தன. சாலையை விட்டு இறங்கி ஆளுக்கொரு பக்கம் புல்லில் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

அவனோடு வேலை பார்ப்பவரின் மாமா குதிரைப் பயிற்சியாளர்; அங்கே கூடாரம் போட்டிருந்தார். அவருடைய இரண்டு வயதுக் குட்டியும் அன்றைக்கு ஓடுகிறது. கூடாரத்துக்குள் போகும் ஆசாரங்களைக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தேன்: நிலைப்படியை மிதிக்கக் கூடாது, நடுவில் இருக்கும் இரண்டு கம்பங்களுக்கு இடையே புகுந்து போகக் கூடாது, வலது கையால் வாங்க வேண்டும். நிலைப்படியைக் கவனமாகப் பார்த்துக் காலைத் தூக்கி வைத்தேன். தலை மேல்கட்டையில் இடித்தது. அடுத்து அவர் ஒரு கல் டப்பியை நீட்டினார், மூக்குப்பொடி. மூடியைத் திறக்காமல் முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாலே போதும் என்று அவன் சொல்லியிருந்தான். எங்கள் தாத்தா பொடி போட்டவர் என்ற மிதப்பில் நான் ஒரு சிட்டிகை இழுத்தேன். நான் தும்மி முடிக்கிறவரை அந்தக் குடும்பம் காத்திருந்தது. அதற்கு ஆறுதலாகக் கிண்ணம் நிறைய ஐராக் வந்தது, புளித்த குதிரைப்பால். புளிப்பு, லேசான நுரை, பின்னால் கொஞ்சம் புகைவாசம். முகம் சுளிக்காமல் காட்ட ஒரே மூச்சில் குடித்தேன். காலிக் கிண்ணம் என்றால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். மறுபடி நிரம்பியது.

குதிரைகளும் சிறுவர்களும் காலையிலேயே 10, 12 கிலோமீட்டர் தள்ளிப் புறப்பாட்டு இடத்துக்கு நடந்து போய்விட்டார்கள். இரண்டு வயதுக் குட்டிகளுக்கு அந்தத் தூரம். வளர்ந்த குதிரைகள் இன்னும் அதிகத் தூரம் ஓடும். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பிள்ளைகள். குறைந்தபட்ச வயது ஏழு என்பது சட்டம். இதைப் பற்றிக் கண்டித்து ஒரு பத்தியும் நோட்டில் இருந்தது. அதை இன்னும் நான் அழிக்கவில்லை; விழுகிற குழந்தைக்குக் குதிரையின் உயரம் ஒன்றுதான். ஆனால் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்த ஒரு பொடியனிடம் பயமாக இல்லையா என்று கேட்டபோது, அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, “இவருக்குக் குதிரை ஓட்டத் தெரியுமா?” என்று அக்கா மகனிடம் விசாரித்தான். விசாரணை அதோடு முடிந்தது.

முடிவுக்கோட்டில் பைனாகுலரோடு நின்றேன். தூரத்து மேட்டில் மெல்லிசாக ஒரு புழுதிக் கோடு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது யாரோ ஓட்டிவந்த ஜீப். பைனாகுலரை இறக்கியபோது நூற்றுக்கணக்கான குதிரைகள் வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தன, புழுதி எங்களைக் கடந்து போனது. நான் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் அந்தப் புழுதிக்குள்ளேயே போனார்கள். பந்தயக் குதிரையின் புழுதி மேலே படுவது அதிர்ஷ்டமாம். முந்திய குதிரைகளின் வியர்வையைத் தொட்டு நெற்றியில் தடவுவதற்குத் தள்ளுமுள்ளு. கைக்குட்டையை எடுத்தபோது முதல் ஐந்து குதிரைகளைக் கூட்டம் விழுங்கிவிட்டிருந்தது.

நான் முழுதாகப் பார்த்தது ஒரே ஒரு குதிரையை. எல்லாம் வந்து முடிந்த பிறகு, தனியாக, ஆடி அசைந்து வந்த ஒரு சாம்பல் நிறக் குட்டி. மேலே இருந்த பையன் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு வயதுப் பந்தயத்தில் கடைசியாக வரும் குட்டிக்குப் பயான் ஹோதூத் என்று பட்டம். ‘வயிறு நிறைந்தது’ என்று பொருள். அதற்கென்றே ஒரு பாட்டும் உண்டு. அடுத்த முறை முதலில் வா என்று வாழ்த்திப் பாடுவார்கள். இவ்வளவு நிதானமாக ஓடினால் என்னாலும் படம் பிடிக்க முடிகிறது. படம் நன்றாகவே வந்திருக்கிறது.

கூடாரத்துக்குத் திரும்பினோம். பயிற்சியாளரின் குட்டி நடுவில் எங்கேயோ வந்திருந்தது, அவருக்கு மகிழ்ச்சிதான். “எங்க குட்டி ஓடினதைப் பாத்தீங்களா?” என்று கேட்டார். இல்லை என்று எப்படிச் சொல்வது? காற்றில் பறந்த பிடரியையும், பூமி அதிர்ந்த குளம்பொலியையும், நோட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். அக்கா மகன் அத்தனையையும் இரண்டே வார்த்தையில் மொழிபெயர்த்தான். பயிற்சியாளர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“என்னடா சொன்னே?”

“கண்ணுல தூசின்னு சொன்னேன் மாமா.”

அவர் சிரித்து முடித்துவிட்டு, என் கிண்ணத்தை வாங்கி விளிம்புவரை நிரப்பினார்.