எங்கை நிக்கிறாய்?

பொதுமக்களின் ஜி.பி.எஸ். கருவிகளுக்குப் போகும் சிக்னலில் அமெரிக்கா பல ஆண்டுகளாக வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். நூறு மீற்றர் வரை தடுமாறிய கருவி, அன்றிலிருந்து இருபது மீற்றருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கியது. மே 3ஆம் திகதி டேவ் உல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்துக் காட்டோரம் ஒரு வாளியை மண்ணில் புதைத்து, அதற்குள் புத்தகம், கவண் என்று சில சாமான்களை வைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதினார். தேடி வருகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம். ஜியோகாஷிங் என்ற விளையாட்டு அப்படிப் பிறந்தது. இன்று கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்து ஆடும் விளையாட்டுகளுக்கு அதுவே மூத்தது.

அதற்குப் பதினொரு நாள் முன்னர், ஏப்ரல் 22இல், இலங்கையில் ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்திருந்தது. சண்டை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பருத்தித்துறையில் இருந்த எங்களுக்கு மண்ணில் புதைந்து கிடக்கும் பொருட்கள் என்றால் இரண்டுதான் தெரியும். ஒன்று, இடம்பெயர்ந்து ஓடும்போது சனம் வளவுக்குள் புதைத்துவிட்டுப் போன நகை. மற்றது மிதிவெடி. இரண்டையும் தேடிப்போய்க் கால் இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே மாதத்தில் உலகின் ஒரு மூலையில் புதைத்ததைத் தேடுவது விளையாட்டானது; எங்கள் மூலையில் ஒழுங்கையைவிட்டு இறங்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். இதை நான் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். அறிந்த நாளிலிருந்து அந்த வாளி என் நினைவைவிட்டுப் போகவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோதும் எங்களுக்கு இடம் சார்ந்த விளையாட்டு இருந்தது. 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபின் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். நிலவு வந்தால் ஒழுங்கையில் கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடுவோம். ஒவ்வொரு கோட்டிலும் ஒருவன் மறிப்பான். நடுக்கோட்டில் ஓடும் கிளி எங்கேயிருந்தும் வந்து அடிப்பான். கோட்டைத் தாண்டி அப்பால் போவதுதான் ஆட்டம். சகடை என்ற குண்டுவீச்சு விமானம் இரையும் சத்தம் கேட்டால் ஆட்டத்தை விட்டுப் பங்கருக்குள் இறங்குவோம். சத்தம் போனதும் ஏறிவந்து, விட்ட இடத்திலிருந்து தொடருவோம். அழிந்த கோட்டை யாராவது திரும்பக் கீறுவார்கள்.

கோடுகள் விளையாட்டோடு நிற்கவில்லை. குடாநாட்டைவிட்டு வெளியேறப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. 1996 மே மாதத்தில் வடமராட்சி இராணுவத்தின் கைக்கு வந்தபின், பாஸ் கொடுப்பவர்கள்தான் மாறினார்கள். சந்திக்குச் சந்தி சென்றி என்ற இராணுவக் காவலரண். சைக்கிளைவிட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும், ஐ.சி. என்ற அடையாள அட்டையைக் கையில் பிடித்திருக்க வேண்டும். 'கொஹெத யன்னே?' எங்கே போகிறாய் என்று கேட்பது. நான் முதன்முதலில் கற்ற சிங்களம் அதுதான். சுற்றிவளைப்பு நாளில் எல்லோரையும் ஒரு வெளியில் இருத்தி, முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிடுவார்கள். அவன் தலை அசைந்தால் அந்த ஆள் வீடு திரும்புவது நிச்சயமில்லை.

உயர்தரம் படித்த காலத்தில், தும்பளைப் பக்கம் இருந்து படிக்க வரும் ஒரு கூட்டாளிக்காகக் கொப்பித்தாளில் வழி கீறினேன். எந்த ஒழுங்கையால் வந்தால் சென்றி குறைவு என்று காட்டியிருந்தேன். அம்மா அதைக் கண்டா. ஒரு சொல்லும் பேசாமல் தாளை எடுத்துக்கொண்டுபோய் அடுப்பில் வைத்தா. பிறகுதான் கை நடுங்கிக்கொண்டே ஏசினா. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கீறிய வழிப்படம் உளவு வரைபடமாகப் பார்க்கப்படலாம் என்ற காலம் அது. அம்மா பயந்தது சரி. என் மருமகனுக்கு இதைப் புரியவைக்க எனக்கு இன்னும் முடியவில்லை.

அவன் ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை, என் தங்கையின் மகன். 2017 ஆவணியில், பள்ளி விடுமுறைக்கு வந்தான். கையில் போக்கிமொன் கோ. 2016 யூலையில் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வெளியாகி, அந்த டிசெம்பரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்த விளையாட்டு. கைபேசியில் எங்கள் தெருவே தெரிகிறது. நடந்தால் படத்தில் இருக்கும் உருவமும் நடக்கிறது. வழியில் கற்பனை விலங்குகள் எழும்புகின்றன. கோயில், சிலை, பழைய கட்டடம் போன்ற உண்மையான இடங்கள் 'ஸ்டாப்' ஆகின்றன. அங்கே போய் நின்றால் விளையாடத் தேவையான சாமான் கிடைக்கும். வீட்டுக்குள் இருந்தபடி அதிகம் ஆட முடியாது.

'மாமா, இஞ்சை ஒண்டுமே இல்லை' என்றான் முதல் நாளே. ஓடக்கரையிலும் முனையிலும் சுற்றிவிட்டு வந்து, வெறும் பச்சையும் சாம்பலுமான படத்தைக் காட்டினான். ரொறன்ரோவில் அவன் வீட்டடியில் மட்டும் எத்தனையோ ஸ்டாப்புகள் என்றான்.

ஏன் இல்லை என்று தேடியபோது கிடைத்த விடை எனக்கு வலித்தது. போக்கிமொன் கோவை உருவாக்கிய நியாண்டிக் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோன் ஹாங்கி, கூகுள் எர்த்துக்கு அடிப்படையான கீஹோலை உருவாக்கியவர்களில் ஒருவர். 2012இல் நியாண்டிக் இன்கிரஸ் என்ற முந்தைய விளையாட்டை வெளியிட்டது. அதை ஆடியவர்கள் தங்கள் ஊரின் முக்கியமான இடங்களைப் படமெடுத்து அனுப்பினார்கள். அந்த இடங்களில் பெரும்பகுதிதான் பின்னர் போக்கிமொனின் ஸ்டாப்புகளாயின. 2012இல் எங்களுக்குப் போர் முடிந்து மூன்றே வருடம். அப்போது இங்கே யார் இணையக் கைபேசியோடு சுற்றி, பொது இடங்களைப் படமெடுத்து, இது முக்கியமான இடம் என்று அந்நிய நாட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்? அம்மா எரித்த தாளைப் போன்றவை எத்தனை வீடுகளில் எரிந்தன. சுதந்திரமாக நடந்து திரிந்தவர்களின் ஊர்கள் அந்தப் படத்தில் நிறைந்திருக்கின்றன. நடக்கவிடப்படாதவர்களின் ஊர் வெறுமையாக இருக்கிறது.

ஆனாலும் அவன் நடந்தான். ஸ்டாப் இல்லாவிட்டாலும் விலங்குகள் எங்கேயாவது வரும் என்று வெயிலில் நடந்தான். எனக்கு அது பெரிய சந்தோஷம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மதிலில் வரிசையாக இருந்து ஃப்ரீ ஃபயர் சுடுகிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இவனோ கைபேசியோடு போனாலும் ஆட்களைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. தட்டை வடை சுடும் ஆச்சி அவனை மறித்து, 'ஆற்றை மகன் நீ?' என்று கேட்டா. சொன்னதும் அவன் பாட்டனின் பெயரைச் சொல்லி, வடையைக் கையில் வைத்து அனுப்பினா. மூன்றாம் நாள் நாலு பொடியன்கள் சைக்கிளில் அவனோடு சேர்ந்துவிட்டார்கள். ஒரு கைபேசியை ஐந்து பேர் குனிந்து பார்த்தார்கள். ஒழுங்கைகளின் பெயர்களை அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்து ஆட்கள் எவரும் பத்து வருடமாகச் சொல்லிக்கொடுக்காதவை அவை.

இந்த நடையை அளந்தவர்களும் இருக்கிறார்கள். ஈடுபாட்டோடு ஆடியவர்கள் நாளொன்றுக்கு 1,473 அடிகள் கூடுதலாக நடந்ததாக மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் 2016இல் கண்டார்கள். அதே வருடம் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஹாவார்ட் ஆய்வோ, முதல் வாரம் 955 அடிகள் கூடி, ஆறாவது வாரத்தில் அந்தக் கூடுதல் இல்லாமல் போனதைக் காட்டியது. அடிக்கணக்கு எனக்குப் பெரிதில்லை. ஆச்சி கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொன்னானே, அதற்காகவே இந்த விளையாட்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பயந்த இடங்களையும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயிலில் வரும்போது முகமாலை தாண்டுகையில் அவன் படத்தைத் திறந்து வைத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டும் மிதிவெடி அகற்றும் பெண்கள். கைபேசியில் அதே நிலம் ஒரு வெற்றுப் பச்சை. 'உதுக்குள்ளை ஏதும் வருமோ?' என்று ஆவலாகக் கேட்டான். அவன் கேட்டது விளையாட்டு விலங்கை. 2016 யூலையில் பொஸ்னியாவில் விளையாடுபவர்கள் மிதிவெடி ஆபத்துள்ள காணிகளுக்குள் போவதாகச் செய்தி வந்து, அங்குள்ள மிதிவெடி அகற்றும் அமைப்பொன்று பலகைகளை மதிக்கும்படி கெஞ்சவேண்டி வந்தது. போர் நடந்த எந்த நிலமும் அந்தப் படத்தில் ஒரு பூங்காவைப் போலத்தான் தெரியும்.

இன்னொரு நாள் முகாம் ஒன்றின் வேலியோரம் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். காவலுக்கு நின்ற இளைஞன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு மூச்சு வாங்கியது. 'என்ன மாமா, கேம்தானே' என்றான். இந்தோனேசியாவில் சிரேபோன் நகரத்து இராணுவ வளாகத்துக்குள் இதே விளையாட்டோடு போன ஒரு பிரெஞ்சுக்காரரைப் பிடித்து விசாரித்த கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான். 2018 தை மாதத்தில் ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலியின் உலக வரைபடத்தை நேதன் ரூசர் என்ற அவுஸ்திரேலிய மாணவர் கூர்ந்து பார்த்து, படையினர் தாங்களே ஓடிய தடங்கள் பாலைவன முகாம்களின் வடிவத்தைக் காட்டிக்கொடுப்பதை வெளியே சொன்னார். அதை அவனுக்கு அனுப்பினேன். அம்மா அடுப்பில் வைத்த தாளை, உலகத்தின் பெரிய படைகளின் வீரர்கள் ஒவ்வொரு காலையும் தாங்களே வரைந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கிணறு, கடல், வீதி என்ற சாதாரண ஆபத்துகளும் உண்டு. எங்கள் தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டு இல்லை. திரையைப் பார்த்து நடக்கிற பிள்ளைக்கு அது போதும். ஜப்பானில் தொகுஷிமாவில் 2016 ஓகஸ்டில், இதை விளையாடிக்கொண்டு வாகனம் ஓட்டியவர் இரண்டு பெண்களை மோதினார், ஒருவர் இறந்தார். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து ஓஃபாலனில் துப்பாக்கியோடு இருந்த பொடியன்கள், விளையாடுபவர்கள் தேடிவரும் இடத்தில் காத்திருந்து கொள்ளையடித்ததாகப் பொலிஸ் சொன்னது. எங்கள் ஊரில் இருட்டியபின் தனியாக ஒரு பெண்பிள்ளையைக் கடற்கரையோரம் வா என்று எந்தப் படம் அழைத்தாலும் அனுப்பக்கூடாது என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை.

எனக்கு அதைவிட ஆழமான பயம் வேறு. சென்றியில் கேட்டவனின் முகம் எங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்திப் படமெடுத்துப் பதிந்துகொண்டு போனவர்களையும் தெரியும். நாங்கள் விரும்பிக் கொடுத்ததில்லை. முடிந்தவரை குறைத்தே சொன்னோம். இன்று பிள்ளை எங்கே நிற்கிறான், எத்தனை மணிக்கு எந்த ஒழுங்கையால் வீடு திரும்புகிறான் என்பதை விளையாட்டு ஓயாமல் பதிகிறது. விளையாடுபவர்கள் அனுப்பிய இடக்காட்சிகளைக் கொண்டு கணினிக்கு உலகின் வடிவத்தைக் கற்பிக்கும் மாதிரி ஒன்றைக் கட்டுவதாக நியாண்டிக் 2024 நவம்பரில் அறிவித்தது. 2025இல் அதன் விளையாட்டுப் பிரிவு 350 கோடி டொலருக்கு ஸ்கோப்லிக்கு விற்கப்பட்டது. ஸ்கோப்லி சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான குழுமத்தின் கீழ் இருக்கிறது. பருத்தித்துறை ஒழுங்கையில் நடந்த பிள்ளையின் காலடித் தடம் யார் யார் கைக்கு மாறும் என்று அவன் தாய்க்கே தெரியாது. கேட்கும் குரல் இனிமையாக இருப்பதாலேயே கேட்பவர் யாரென்று பிள்ளைகள் விசாரிப்பதில்லை. விசாரிக்கச் சொல்லிக்கொடுப்பது பெரியவர்களான எங்கள் வேலை.

2023இல் வளர்ந்த பொடியனாக மறுபடி வந்தான். இப்போது புதிய இடங்களைப் பரிந்துரைக்கும் தகுதி அவனுக்கு இருந்தது. 'மாமா, நாங்களே எங்கடை ஊரைப் போடுவம்' என்றான். எனக்கு உண்மையாகவே உற்சாகம் வந்தது. தெருமூடி மடத்துக்குப் போனோம். தெருவுக்கு மேலே கூரை, இருபக்கமும் திண்ணை. நடந்து வருபவர்கள் இளைப்பாறக் கட்டிய மடம். அவன் படமெடுக்க, விளக்கத்தைத் தமிழில் நான் சொன்னேன். சக்கோட்டை முனையில், இலங்கையின் வடக்கு முனை என்று எழுதிய இடத்துக்கும் போனோம். ஹாட்லிக் கல்லூரியைப் போடக் கேட்டான். பள்ளிக்கூடங்களை ஏற்பதில்லை என்று அவர்களின் விதியே சொல்கிறது. நல்ல விதி. பிள்ளைகள் படிக்கும் வாசலில் முன்பின் தெரியாதவர்கள் கூடத் தேவையில்லை.

கடைசியாக ஒரு மூலையில் நின்றோம். வழிப்படம் கீறிக் கொடுத்தேனே, அந்தக் கூட்டாளி ஷெல் விழுந்து இறந்த இடம் அது. அடையாளம் எதுவும் இல்லை. கதையைக் கேட்டுவிட்டு அவன் கைபேசியை எடுத்தான்.

'வேண்டாம்' என்றேன். ஹிரோஷிமா மாநகரம் 2016 ஓகஸ்ட் 6ஆம் திகதி நினைவு நிகழ்வுக்கு முன்னர் தன் அமைதிப் பூங்காவிலிருந்து இந்த விளையாட்டை எடுக்கச் சொல்லி எடுப்பித்ததைச் சொன்னேன். கூட்டாளி விழுந்த இடத்தில் நின்று ஒருவர் கைபேசியில் விரலால் ஒரு வட்டத்தைச் சுழற்றி விளையாட்டுப் பந்து பொறுக்குவதை என்னால் தாங்க முடியாது.

'போடாட்டி ஒருத்தருக்கும் தெரியாது, மாமா. இண்டைக்கு இஞ்சை வராட்டி எனக்கே தெரிஞ்சிராது.'

அவன் சொன்னதில் பிழையில்லை. அவன் ஊருக்குத் திரும்பியபின்னும் தொலைபேசியில் இதைப் பேசியிருக்கிறோம். அந்த மூலையின் படம் அவன் கைபேசியில் இருக்கிறது, அனுப்பவில்லை. நானும் வேண்டாம் என்றதை மாற்றவில்லை.