என்காண்ட்லா கோழிகளின் விண்ணப்பம்

அனுப்புநர்: கோழிகள், ஜேக்கப் ஜூமா இல்லம், என்காண்ட்லா, குவாசூலு-நட்டால்.
பெறுநர்: அமைச்சர் அவர்கள், பொதுப்பணித் துறை, தென்னாப்பிரிக்கா.
பொருள்: கூண்டைத் திறந்துவிடக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 31.3.2016.

ஐயா,

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். கோழி மிதித்தால் குடியரசுத் தலைவர் ஜூமாவுக்கே ஆபத்து என்று கண்டுபிடித்தது உங்கள் அரசுதான். நாங்கள் குறுக்கே ஓடினால் காவல் கருவிகள் அலறிவிடுமாம். அதனால் அரசுச் செலவில் எங்களுக்குக் கூண்டு, மாடுகளுக்குப் பட்டி. முட்டையிடுவதைத் தவிர வேறொன்றும் அறியாத எங்களைப் பாதுகாப்புக் கோப்பில் ஏற்றியதற்கு முதற்கண் நன்றி.

அதே வளாகத்தில் ஒரு நீச்சல் குளம். தப்பு, தீயணைப்புக் குளம். 2015 மே மாதம் காவல்துறை அமைச்சர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, தீயணைப்பு வீரர்கள் அந்தத் தண்ணீரை உறிஞ்சிப் பீய்ச்சும் காணொளியைப் போட்டுக் காட்டினார். பின்னணியில் 'ஓ சோலே மியோ' என்ற இத்தாலியப் பாட்டு. திரையில் தண்ணீர் கொட்ட, மேடையில் அமைச்சருக்கு வியர்வை கொட்டியது. துடைத்துத் துடைத்துப் பேசினார், பாவம். திறந்தவெளி அரங்கம்? அது மண் சரியாமல் தாங்கும் சுவராம். உட்கார்ந்து பார்க்க வசதியாகப் படிகள் அமைந்தது மண்ணின் விருப்பம்.

மக்கள் பாதுகாவலர் துலி மடொன்செலா மட்டும் இதையெல்லாம் ரசிக்கவில்லை. 2014 மார்ச்சிலேயே வந்த அவரது அறிக்கை இந்த வீட்டு வேலைகளின் மொத்தச் செலவை 24.6 கோடி ரேண்ட் என்று மதிப்பிட்டது. அதில் ஒரு செய்தி எங்களையே உறுத்தியது. நகர மையங்களைச் சீரமைக்கவும், டாலமைட் பாறைப் பகுதிகளில் நிலம் உள்வாங்கும் ஆபத்தைச் சமாளிக்கவும் வைத்திருந்த பணத்தை உங்கள் துறை இந்தப் பக்கம் திருப்பிவிட்டதாம். பள்ளம் பறிப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்று இறுமாந்திருந்தோம் ஐயா.

குளம், அரங்கம், பார்வையாளர் கூடம், பட்டி, கூண்டு ஆகிய ஐந்துக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் முடிவு. அது ஜூமாவைக் கட்டுப்படுத்தும் என்று பார்வையில் கண்ட தீர்ப்பில் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நிதித்துறை கணக்குப் போட்டு, ஜூமா கட்ட வேண்டியது 78 லட்சம் ரேண்ட் என்றது. மூட்டை கொட்டிய இடத்தில் மணி பொறுக்குவது இதுவரை எங்கள் குலத்தொழிலாக இருந்தது. அந்த மணியையும் அவர் விபிஎஸ் வங்கியில் கடன் வாங்கித்தான் கட்டினார். 2018இல் அந்த வங்கியே கவிழ்ந்தது.

இப்போது எங்கள் கோரிக்கை. கூண்டு பாதுகாப்பு ஏற்பாடு இல்லையென்றால், வெளியே திரியும் கோழியும் பாதுகாப்புக்குக் கேடு இல்லை. ஜூமாவும் 2018 பிப்ரவரியிலேயே பதவியிறங்கிவிட்டார். ஆகவே கதவைத் திறந்துவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இதற்கென ஒப்பந்தப்புள்ளி எதுவும் கோர வேண்டாம். ஒரு கொக்கிதான் ஐயா.

இப்படிக்கு,
கோழிகள்
(இடது கால் நகக்குறி)