பஜ்ஜி மேல் பழி வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்குக் காதடியில் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி. சாதாரணக் கட்டிதான், ஆனால் உள்ளே கொழுப்பும் இருக்கிறதாம். பஜ்ஜி சாப்பிட்டதாலா?

பதில்: பஜ்ஜி நிரபராதி! காதடிச் சுரப்பியில் எல்லோருக்குமே கொழுப்பு உண்டு. வயது ஏற ஏற அதுவும் ஏறும். அங்கே அதிகம் வரும் கட்டி 'பிளியோமார்ஃபிக் அடினோமா'. பல வேடக்காரன் அது. சுரப்பிக்குள் உட்கார்ந்துகொண்டு குருத்தெலும்பு செய்யும். அபூர்வமாக எலும்பு, கொழுப்புகூடச் செய்யும். சுரப்பித் திசுவும் கொழுப்பும் கலந்து வளரும் 'சயலோலிப்போமா' வேறு கட்டி. 2001-இல்தான் அதற்குப் பெயரே சூட்டினார்கள். கொழுப்பைப் பார்த்துப் புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். ஆனால் அடினோமாவை வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் சில சமயம் புற்றாக மாறும். முகநரம்பு அந்தச் சுரப்பி வழியாகத்தான் ஓடுகிறது. அதனால் கட்டியை எடுக்கக் கை தேர்ந்த சர்ஜனிடம் அம்மாவை அழைத்துப் போங்கள்.