தாமிரபரணியைப் பாஸ் பண்ண வைப்பது எப்படி?

ஆற்றுத் தண்ணீர் அருமை என்று அறிக்கை எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டதா அண்ணாச்சி? கவலை வேண்டாம். ஆற்றைச் சுத்தம் செய்வதுதான் செலவு. சோதனையைப் பக்குவமாகச் செய்தால் போதும்.

முதலில் இடம். திருச்செந்தூர்ப் பக்கம்தானே என்று புன்னைக்காயல் முகத்துவாரத்துக்குப் போய்விடாதீர்கள். கடல் உள்ளே ஏறினால் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. திருநெல்வேலிச் சாக்கடை சேரும் இடமும் ஆகாது. பாபநாசத்துக்கு பஸ் ஏறுங்கள். படித்துறையில் பரிகாரத்துக்கு விட்ட வேட்டி சேலைகளைத் தாண்டி மேலே நடந்தால், பொதிகையிலிருந்து இறங்கும் தண்ணீர். அதற்குச் சோதனையே தேவையில்லை. ஆகவே அங்கேதான் சோதிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் முடியாதா? பாசி பிடித்துப் பச்சையாய்க் கிடக்கும் குளம் ஒன்றைப் பாருங்கள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம் இருந்தால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கில் ‘ஏ’ வகை. வெயிலில் பாசி ஆக்சிஜனை வாரி விடும். மதியம் இரண்டு மணிக்கு எடுத்தால் மீட்டர் 10-ஐயும் தாண்டலாம். 30 டிகிரித் தண்ணீரில் காற்றிலிருந்து ஏழரைதானே கரையும், மிச்சம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. விடியற்காலையில் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டாதீர்கள். இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். மதியத்திலும் குறைவாகத்தான் வருகிறதென்றால் பாட்டிலில் பாதி மட்டும் பிடியுங்கள். குமிழியே இல்லாமல் நிரப்பி, அந்த இடத்திலேயே மாங்கனீசு உப்பு விட்டு ஆக்சிஜனைக் கட்டிப்போடு என்பது 1888-இல் வேதியியலாளர் விங்க்லர் சொன்ன முறை. அவர் நம் டவுன் பஸ்ஸில் போனதில்லை. ஆய்வகம் சேர்வதற்குள் குலுங்கிக் குலுங்கியே தேவையான காற்று ஏறிவிடும்.

அடுத்து டிடிஎஸ் பேனா. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து உப்பைக் கணக்குப் போடும். மலக்கிருமி அதன் கண்ணில் படாது. 500-க்குள் எண் வந்தால் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள். கடலுக்குப் பக்கத்தில் திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறுவதைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. கரிக்கவில்லை என்றாலே நல்ல தண்ணீர்தான்.

கடைசியாகக் கோலிஃபார்ம் கிருமிகள். 100 மில்லியில் 3000 வந்தாலும் பதறாதீர்கள். அதே வாரியத்தின் வகைப்பாட்டில் குளிப்பதற்கு 500-தான் வரம்பு. சுத்திகரித்துக் குடிப்பதற்கோ 5000 வரை சரி. குளியலைப் பற்றி மூச்சுவிடாமல் “குடிநீர் ஆதாரமாக ஏற்றது” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சுத்திகரிப்பு விஷயம் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில்.