சூடும் அணையா நெறியும்

பல வண்டிகளில் புகை வெளியேறும் குழாயை ஒட்டியே ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பொருத்திய பொறியாளர்களின் கருணை போற்றத்தக்கது. ஏனெனில் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் கூடினால் செம்புக் கம்பிச் சுருளின் மின்தடை ஏறத்தாழ 40 விழுக்காடு உயர, மோட்டாரின் பற்சக்கரத்தை முன்தள்ளும் மின்காந்தமாகிய சொலினாய்டு ‘டிக்’ என்று மட்டும் சொல்லி அடங்கிவிட, சூடான வண்டி கிளம்பாமல் ஓட்டுநருக்கு ஓய்வு தானே வாய்க்கிறது.

வெப்பத்தடுப்புத் தகடு வைப்பதும் தடித்த கேபிள் போடுவதும் அற்பர்களின் வழி. அனுபவசாலிகள் கண்ட நெறி, வண்டியை அணைக்காமலே இருப்பதாகும். அவர்கள் உண்ணும்போதும், திருமண மண்டபத்தில் மொய் எழுதும்போதும் வாசலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். நெறி முதிர்ந்தால், இரவெல்லாம் முற்றத்தில் உறுமி உரிமையாளரைத் தாலாட்டவும் செய்யும். ஸ்டார்ட்டரைக் காப்பதற்காக எரியும் டீசலைச் சேமிப்புக் கணக்கில் எழுதுவதே முறை.

இவ்வளவு உயர்ந்த நெறிக்கும் ஒரு பகை உண்டு. பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிளின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கினாலே பல வண்டிகள் சூட்டிலும் கிளம்பிவிடுகின்றன. ஆகவே உப்புத்தாள் விற்பனையை அரசு உடனே தடைசெய்ய வேண்டும்.